கரடி பார்த்தீங்களா?

அக்காவும் நானும் பனிக்கரடி வாழும் வட துருவப் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகப்போகிறது. இதுவரை ஒருத்தர்கூட கடல் எப்படி இருந்தது, குளிர் எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி, அக்காவோடு வேலை பார்த்த டீச்சர்கள், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று எல்லோரிடமும் இருப்பது ஒரே கேள்விதான். கரடி பார்த்தீங்களா? பார்த்தோம். ஆனால் அந்த "பார்த்தோம்" என்ன மாதிரிப் பார்த்தோம் என்று சொல்ல ரெண்டு நிமிஷம் போதாது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் போனது ஸ்வால்பார்டு. நார்வேயின் வடக்கு விளிம்புக்கும் வட துருவத்துக்கும் கிட்டத்தட்ட நடுவில், 74 முதல் 81 டிகிரி வடக்கு வரை சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம். பெரிய தீவின் பெயர் ஸ்பிட்ஸ்பெர்கன். 1596-ல் டச்சுக்காரர் வில்லெம் பாரென்ட்ஸ் இங்கே வந்து, கூர்கூராக நிற்கும் மலைகளைப் பார்த்துவிட்டு வைத்த பெயர். நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறுதான். என் அக்கா கோயம்புத்தூரில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் எடுத்தவள். வருஷா வருஷம் கரும்பலகையில் பனியாறு வரைந்து, யூ வடிவப் பள்ளத்தாக்கு, அது தள்ளிக்கொண்டு வரும் கல்மண் குவியல் எல்லாம் அம்புக்குறி போட்டு விளக்கியவள், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் நகை வாங்கவில்லை, இடம் வாங்கவில்லை, "கண்ணு, ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். ஆளுக்கு ஆறு லட்சத்தைத் தாண்டியது, விமான டிக்கெட் தனி. அதைக் கேட்டுத்தான் வீட்டில் பாதிப் பேர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா தேவையில்லை, எந்த நாட்டுக்காரரும் போகலாம். ஆனால் நார்வே வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போக விடும் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் நார்வே இருக்கிறது, ஸ்வால்பார்டு வெளியே. அதனால் நார்வேயில் இறங்கும்போது ஒரு நுழைவு, திரும்பி வரும்போது இன்னொரு நுழைவு. இரண்டு முறை நுழையும் ஷெங்கன் விசா இல்லாவிட்டால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள். எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்த டிராவல்ஸ்காரர் ஒற்றை நுழைவு என்று டிக் போட்டிருந்தார். அக்கா பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பழக்கத்தில் கடைசி வரை படித்ததால் தப்பித்தோம்.

லாங்யர்பியன் என்ற ஊரில்தான் கப்பல் ஏறினோம். நிலக்கரிச் சுரங்கம் நடத்த வந்த லாங்இயர் என்ற அமெரிக்கரின் பெயரில் உள்ள ஊர். ஹோட்டலிலும் மியூசியத்திலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், கரித்தூசிக் காலத்துப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. அக்காவுக்கு ஊர் அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. ஏப்ரல் 20 வாக்கில் வந்த சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறையப் போகிறது, நாங்கள் போனது ஜூலைக் கடைசி. ராத்திரி பதினொன்றுக்கு ஜன்னலில் சாயங்காலம் நாலு மணி வெயில். தூக்கம் என்ற ஒன்றை அந்த ஒன்பது நாளும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

கப்பல் சின்னது, பயணிகள் நாற்பத்தெட்டு பேர். சின்னக் கப்பல் ஏன் என்றால், ஊர்களைத் தாண்டிவிட்டால் கரையில் கட்டுமானம் எதுவும் கிடையாது. படகுத்துறை கிடையாது, ரோடு கிடையாது. காற்றடைத்த ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராக இறங்கி, அலையில் முழங்கால் வரை நின்று கரையேற வேண்டும். நாற்பத்தெட்டு பேர் என்றால் ஐந்து படகு, அரை மணியில் எல்லோரும் கரையில். போதாததற்கு 2025 ஜனவரி முதல் விதிகள் இறுகிவிட்டன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது, அந்தப் பகுதிகளில் 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். பழைய கைடுகள் சிலர் இதைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் முணுமுணுக்க ஒன்றும் தெரியவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாளே எல்லோருடைய ஜாக்கெட், பேன்ட், பை எல்லாவற்றையும் ஒரு கூடத்தில் கொட்டி, வேக்குவம் கிளீனரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெளியூர் விதை ஒன்றுகூட கரைக்குப் போகக்கூடாதாம். இந்த மண்ணில் முளைக்கும் துருவ வில்லோ நிஜமாகவே வில்லோ மரக் குடும்பம்தான், ஆனால் உயரம் சில சென்டிமீட்டர், நாம் அதன்மேல் மிதித்துக்கொண்டே மரம் எங்கே என்று தேடுவோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புல் விதை விழுந்தால் என்ன ஆகும் என்று கைடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, அக்காவின் ஜாக்கெட் பாக்கெட்டின் மூலையிலிருந்து, ரெண்டு வருஷம் முன்னால் ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போன ஜாக்கெட் அது, மூன்று நாலு புல் விதைகளும் ஒரு கடலை மிட்டாய்த் துண்டும் வந்தன. விதைகளை இடுக்கியால் எடுத்துக் கவரில் போட்டார்கள். மிட்டாயை அக்கா வாயில் போட்டுக்கொண்டாள். கரைக்குச் சாப்பாடு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதும் விதி.

அன்று ராத்திரி, லாங்யர்பியன் இருக்கும் இஸ்ஃபியோர்டன் என்ற விரிகுடாவின் வாயைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் எனக்குக் குமட்டல் ஆரம்பித்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம். அக்கா பக்கத்துப் படுக்கையில் அசையாமல் தூங்கினாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

காலையில் நீ-ஓலெசுன். 78 டிகிரி 55 நிமிஷம் வடக்கு. ஒரு காலத்தில் நிலக்கரி ஊர், 1962-ல் சுரங்க விபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நம் நாட்டின் ஹிமாத்ரி இங்கேதான் இருக்கிறது, 2008 ஜூலையில் திறந்தது. இந்தியா இங்கே எப்படி வந்தது என்று நானும் யோசித்தேன். தீவுகள் நார்வேக்கு, ஆனால் கையெழுத்துப் போட்ட மற்ற நாடுகளுக்கும் அங்கே இடம் உண்டு என்று 1920-ல் ஸ்வால்பார்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரிட்டன் தன் ஆட்சியில் இருந்த இந்தியாவுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்துதான் ஆரம்பம். வெள்ளைக்காரன் நமக்காகப் போட்ட கையெழுத்துகளில் நமக்குக் கொஞ்சமாவது பிரயோஜனப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். ஊருக்குள் போனில் வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்துவிட வேண்டும், அங்கே உள்ள கருவிகள் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நாற்பத்தெட்டு பேர் போனை எடுக்காமல் ஒரு மணி நேரம் நடந்தோம். ஊர்க்கோடியில் 1926-ல் நார்வேயின் துருவப் பயணி ஆமுண்ட்சென், இத்தாலியப் பொறியாளர் நோபிலே எல்லாம் நோர்கே ஆகாயக் கப்பலைக் கட்டிப்போட்ட இரும்புக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பித் துருவத்தின் மேலாகப் பறந்து அலாஸ்காவில் இறங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து நோபிலே வேறொரு ஆகாயக் கப்பலில் போய் விழ, அவரைத் தேடக் கிளம்பிய ஆமுண்ட்சென் திரும்பி வரவேயில்லை.

கோபுரத்தை நான் முழுசாகப் பார்க்கவில்லை. ஆலா என்ற கடல்பறவை ஒன்று என் தலையைக் கொத்திக்கொண்டிருந்தது. கூட்டுப் பக்கம் போனால் துருவ ஆலா சும்மா விடாது, உச்சியில் இருப்பதைத்தான் குறிபார்க்கும், அதனால் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளச் சொல்வார்கள். என்னைவிட அக்கா குட்டை. அவள் கையைத் தூக்கவே இல்லை, நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஸ்மேரன்பர்க். டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்கள் 1619-ல் போட்ட முகாம், பெயருக்கே "கொழுப்பு ஊர்" என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான பேர், தேவாலயம், கடைவீதி எல்லாம் இருந்தது என்று பிற்காலத்தில் கதை கட்டிவிட்டார்கள், தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது பதினாறு பதினேழு கட்டிடம், அதிகபட்சம் இருநூறு ஆள். இப்போது பார்க்கக் கிடைப்பது மணலில் வட்டமாகக் கெட்டியாகிப் போன கறுப்புத் திட்டுகள். கொப்பரை வைத்துத் திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய அடுப்புகளைச் சுற்றி வழிந்த எண்ணெய், மணல், சரளைக்கல் எல்லாம் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகி நானூறு வருஷமாக அப்படியே கிடக்கிறது. ஐரோப்பாவில் விளக்கெரிக்கவும் சோப்புக் காய்ச்சவும் உருக்கிய எண்ணெய். போஹெட் திமிங்கிலங்கள் இந்த விரிகுடாக்களில் நிறைந்திருந்தனவாம், அவற்றைக் கிட்டத்தட்ட ஒன்றுகூட மிச்சமில்லாமல் அடித்துத் தீர்த்தார்கள். திட்டைத் தொடக் கூடாது. அக்கா குனிந்து மோந்து மட்டும் பார்த்தாள். "ஒண்ணும் வாடை இல்ல" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

வாடை கொஞ்சம் தள்ளி இருந்தது. அதே கடற்கரை முனையில் இருபது வால்ரஸ்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன, கருவாட்டுக் களமும் மாட்டுக்கொட்டகையும் சேர்ந்த வாடை. ஒன்று முதுகைச் சொறியும், பக்கத்தில் படுத்திருப்பது எரிச்சலாகித் தந்தத்தால் ஒரு குத்து குத்தும், அது அடுத்ததைக் குத்தும், வரிசை முழுக்கப் போய் அடங்கும், மறுபடி தூக்கம். ரிசர்வ் பண்ணாத பெட்டியில் ராத்திரிப் பயணம் போனவர்களுக்குப் புரியும். இவற்றையும் தந்தத்துக்காக அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டு, 1952-ல்தான் பாதுகாத்தார்கள். இப்போது ஸ்வால்பார்டில் பல ஆயிரம் இருக்கின்றன. விட்டால் வரும் என்பதற்கு அந்த இருபதும் சாட்சியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

மொனாக்கோ பனியாறு. இதற்காகத்தான் அக்கா வந்தாள். காலையில் ஒரே மூடுபனி, எதிரே இருப்பது தெரியவில்லை, படகு பனித்துண்டுகளுக்கு நடுவில் ஊர்ந்து போனது. கைடு ஒரு துண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கி என் மடியில் வைத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. காதருகே வைத்தால் படபடவென்று சத்தம், கடுகு தாளிக்கும்போது முதல் நாலைந்து கடுகு வெடிக்குமே அந்தச் சத்தம். பல நூறு வருஷம் முன் விழுந்த பனியோடு அடைபட்டு அமுங்கிக்கிடந்த காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்து வெளியே வருகின்றன. அக்கா அதைக் கையுறை இல்லாமல் வாங்கி, விரல் மரத்துப்போகும்வரை வைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணி வாக்கில் மூடுபனி விலகியது. நீலமாக ஒரு சுவர், ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை. கொஞ்ச நேரத்தில் அதன் ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் சரிந்தது, அப்புறம்தான் இடி கேட்டது. "நாலு செகண்டு" என்றாள் அக்கா. எண்ணியிருக்கிறாள். "கிலோமீட்டருக்கு மூணு செகண்டு, அப்ப ஒண்ணரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி." கைடு தன் தூரமானியைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மத்தியானம் கப்பலை ஓட்டும் அறைக்குப் போனோம். அதை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். மின்திரையில் கடல் வரைபடம், நடுவில் எங்கள் கப்பலைக் காட்டும் சின்ன முக்கோணம். அந்த முக்கோணம் கடலில் இல்லை, வெள்ளையாகப் பனியாறு என்று போட்டிருந்த இடத்துக்குள் நின்றது. அக்கா ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கோளாறு இல்லை. வரைபடம் போட்ட காலத்தில் பனி அங்கே வரை இருந்தது. பக்கத்தில் இருக்கும் செலிகர் பனியாறும் மொனாக்கோவும் முன்பு ஒரே சுவராகக் கடலில் இறங்கினவாம், பின்வாங்கிப் பின்வாங்கி இப்போது ரெண்டும் தனித்தனி. அக்கா அந்தத் திரையை போட்டோ எடுத்தாள். பனியாற்றை எடுத்ததைவிட அதைத்தான் நிறைய எடுத்தாள்.

இனி கரடி.

ஆறாம் நாள் ஹின்லோபன் நீரிணையின் கிழக்குக் கரையில் கரையிறங்குவதாகத் திட்டம். இந்த மாதிரிப் பயணத்தில் திட்டம் என்பது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுவார்கள், காலையில் காற்றைப் பார்த்து மாற்றுவார்கள், படகை இறக்கிய பிறகு இன்னொரு தடவை மாற்றுவார்கள். கைடுகள் துப்பாக்கியும் வெளிச்சக் குண்டு சுடும் கைத்துப்பாக்கியுமாக முன்னால் போய் மேடுகளையெல்லாம் தொலைநோக்கியில் அலசிவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். நாங்கள் பூட்ஸ், லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டி, சுவரில் தொங்கும் நம்பர் வில்லையைத் திருப்பிவிட்டு வரிசையில் நின்றோம். வாக்கிடாக்கியில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் மேல்தளத்துக்குப் போங்கள், மெதுவாக, பேசாமல்.

ஒரு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். கப்பலிலிருந்த பெரிய தொலைநோக்கியில் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தோம். பழுப்புக் கல்மேட்டில், பலதடவை துவைத்த பழைய வேட்டி நிறத்தில் ஒன்று கிடந்தது. தூங்குகிறது. பத்து நிமிஷம் கழித்துத் தலையைத் தூக்கி, காற்றை மோந்து, கொட்டாவி விட்டு, மறுபடி தலையை முன்னங்காலில் வைத்துக்கொண்டது. ரெண்டு மணி நேரம் நின்றோம். கரையிறங்குவது ரத்து. கரடி நம்மைப் பார்த்து எழுந்து போவதற்கு நாம் காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. புது விதிப்படி மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர், அதற்குள் யாரும் போகக்கூடாது.

ஒரு பயணிக்குக் கோபம். பத்து வருஷம் முன் வந்தபோது கரடியின் மூக்கு தெரிய எடுத்தாராம், இப்போது இவ்வளவு காசு கொடுத்து ஒரு புள்ளியா என்று சத்தமாகவே கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆறு லட்சம் எனக்கும் ஆறு லட்சம்தான். ஆனால் கோடையில் கடல்பனி விலகிப்போய்க் கரையில் மாட்டிக்கொண்ட கரடி, சீல் கிடைக்காமல், பறவை முட்டையையும் கரை ஒதுங்கிய செத்த விலங்குகளையும் தின்று, உடம்பில் உள்ள கொழுப்பைச் சிக்கனமாகச் செலவு பண்ணிக்கொண்டு அடுத்த குளிர்காலம் வரை காலத்தை ஓட்டுகிறது. நாங்கள் ஒரு கப்பல். அந்தச் சீசனில் எத்தனை கப்பல்? ஒவ்வொன்றுக்கும் அது எழுந்து எழுந்து நடந்தால்? 2018 ஜூலையில் இதற்கும் வடக்கே ஒரு தீவில், பயணிகள் இறங்குமுன் கரையைச் சோதிக்கப் போன காவலர் ஒருவரைக் கரடி தாக்கி, அதைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கரடி யார் வீட்டுக்கும் போகவில்லை, அது இருந்த இடத்துக்கு ஆட்கள் போனார்கள். எனக்குப் புள்ளி போதும்.

சரி, கரடி இப்படி ஆனதால் நாள் காலியாகக் கிடந்தது, அதனால் மறுநாள் காலைக்கு வைத்திருந்த அல்கெஃபியெல்லெட் என்ற பறவைப் பாறையை அன்று ராத்திரியே வைத்துக்கொண்டார்கள். ஒன்பதரை மணிக்குப் படகில் இறங்கினோம். இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

கடலிலிருந்து நேராக நூறு மீட்டர் எழும் கறுப்புப் பாறைச்சுவர், தூண் தூணாக. அந்தத் தூண்களின் ஒவ்வொரு விளிம்பிலும் புரூனிக் கில்லமாட் பறவைகள், நெருக்கியடித்துக்கொண்டு, அறுபதாயிரம் ஜோடி என்கிறார்கள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. சத்தம் உக்கடம் பஸ் ஸ்டாண்டு தீபாவளிக்கு முந்தின நாள். தலைக்கு மேலே பறவைகள் போய்க்கொண்டே இருக்கின்றன, மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று கைடு எச்சரித்ததன் காரணம் முதல் நிமிஷத்திலேயே என் கண்ணாடியில் விழுந்தது. கூடு என்று ஒன்றும் கட்டுவதில்லை, வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை.

நாங்கள் போனது குஞ்சுகள் குதிக்கும் வாரம். மூன்று வாரக் குஞ்சு, சிறகு இன்னும் முழுசாக வளரவில்லை, பறக்கத் தெரியாது, எடை பெரிய பறவையில் கால்பாகம். ஆனால் விளிம்பிலேயே வைத்துத் தீனி கொடுத்துக் கட்டுப்படியாகாது, கடலுக்குப் போயாக வேண்டும். அதனால் குதிக்கிறது. எங்களுக்கு நேர் மேலே ஒன்று விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது, பின்னால் போனது. மறுபடி வந்தது. அதன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது, அத்தனை இரைச்சலிலும், மெல்லிசாக, விடாமல். கீழே தண்ணீரில் ஒரு பெரிய பறவை நிமிர்ந்து பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. அது அப்பா. குஞ்சோடு கடலில் போய் வாரக்கணக்கில் வளர்ப்பது அப்பாதானாம், அம்மா இல்லை. மூன்றாவது தடவை வந்த குஞ்சு நிற்கவில்லை. மொட்டைச் சிறகை விரித்துப் படபடவென்று அடித்துக்கொண்டு, விழுந்ததா பறந்ததா என்று சொல்ல முடியாமல், எங்கள் படகுக்கு இருபதடி தள்ளித் தண்ணீரில் "சப்" என்று விழுந்தது. முங்கி எழுந்தது. அப்பா நீந்தி வந்து அலகால் அதன் தலையைத் தொட்டது. ரெண்டும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறந்த கடலைப் பார்க்க நீந்த ஆரம்பித்தன.

அடுத்தது பாறையில் பட்டுச் சரிவில் விழுந்தது. கீழே நரி ஒன்று நடந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். அக்கா திரும்பிக்கொண்டாள். படகில் இருந்த பத்துப் பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, மோட்டாரை அணைத்துவிட்டு கைடும் சும்மா இருந்தார்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 80 டிகிரியைத் தாண்டினோம், ஆளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அக்கா அதைச் சட்டம் போட்டுவிட்டாள். சைபீரிய ஆறுகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டைகள் மரமே இல்லாத கரையில் குவிந்து கிடந்தன, அவற்றுக்கு நடுவே மீன் வலையும் பிளாஸ்டிக் மிதவையும். ஒரு மணி நேரம் பொறுக்கி நாலு மூட்டை கட்டினோம். சமையல்காரர் அக்காவுக்காக ரெண்டு நாள் பருப்பு வைத்துப் பார்த்தார், மூன்றாம் நாள் அக்காவே தன் பொடி டப்பாவை அடுக்களைக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். கையுறை ரெண்டு ஜோடி எடுத்துப் போங்கள், ஒன்று கட்டாயம் நனையும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் வந்திருந்தார். காபி வருவதற்குள் கேட்டுவிட்டார். நான் போனை எடுத்து, நீட்டி, விரலால் பெரிசாக்கி, இதோ என்று காட்டினேன். டீச்சர் நல்லா இருக்குங்க என்றார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, ரெண்டு மாசமா எல்லாருக்கும் இதையா காட்டிட்டு இருக்க? இது கல்லு. கரடி அந்தப் பக்கம்."